அதே சத்தத்தில் வாபஸ்

வாபஸ் என்ற சொல்லை நீங்கள் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். வேட்புமனு வாபஸ், வழக்கு வாபஸ், போராட்டம் வாபஸ். நான் அதை அதிகமாகக் கேட்டது மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் காலை ரயிலில், பெண்கள் பெட்டியில். அங்கே ஒருவர் உலகத்தில் உள்ள அத்தனை விஷயத்துக்கும் கருத்து சொல்வார். பிறகு அதில் பாதியை வாபஸ் வாங்குவார்.

எல்லோரும் அவரை அக்கா என்பார்கள். அவர் கும்மிடிப்பூண்டியில் இறங்கி நாலடி நடந்ததும் வாபஸக்கா என்பார்கள். அவரும் என் அம்மாவும் சிப்காட்டில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தார்கள். நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன்; சொந்தமெல்லாம் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து, வீட்டில் போனை நோண்டிக்கொண்டிருப்பதற்குக் கம்பெனிக்கு வா என்று அம்மா என்னையும் கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டாள். அந்தச் சில மாதங்களில்தான் அவரை முழுசாகப் பார்த்தேன்.

இடம் இருந்தாலும் ரயிலில் உட்கார மாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏன் என்று கேட்டால், "உக்காந்துக்கினு பேசறது அரட்ட. நின்னுக்கினு பேசறதுதான் கருத்து" என்பார். கையில் நாஷ்டா டப்பா. ஒரு வாய் இட்லி, ஒரு கருத்து.

"இன்ஜினீயரிங் படிச்ச பசங்க எல்லாம் முதுவுல பைய மாட்டிக்கினு சோறு குடுக்கப் பூட்டானுங்க. அந்தக் காலேஜ் எல்லாத்தயும் கல்யாண மண்டபமா மாத்திடணும்" என்றார் ஒரு நாள். பெட்டியே சிரித்தது. அந்த வாரமே, அனுப்பம்பட்டு தாண்டும்போது, கையை உயர்த்தினார்.

"ஒரு வாபஸ். மண்டபம் வேணாம். மண்டபமே காலியாதான் கீது. எல்லாரும் கோயில்ல கட்டிக்கினு ஓட்டல்ல சாப்புட்றாங்க."

"அப்ப காலேஜு?" என்றாள் ஒருத்தி.

"அது யோசிக்கணும். இப்போதிக்கு மண்டபம் மட்டும் வாபஸ்."

பழவேற்காட்டுப் பக்கம் மீன் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். தம்பி இன்னும் கடலுக்குப் போகிறார். அந்தத் தம்பி போனில் வழி பார்த்துக்கொண்டு படகு ஓட்டுவதைப் பற்றி ஒரு காலையில் பொரிந்து தள்ளினார். "எங்கப்பா நட்சத்திரத்தப் பாத்து பூட்டு வருவாரு. இவனுக்கு சார்ஜ் எறங்கினா கடலே தெரியாது." எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அந்தக் காலம் மாதிரி வருமா என்று ஒரு பாட்டம் புலம்பலும் ஆனது. மறுநாளே வாபஸ். "எங்கப்பா ரெண்டு வாட்டி வழி தெரியாம ஆந்திராவுல போயி எறங்கினாரு. ஒரு வாட்டி போலீஸ் ஸ்டேசன்ல இருந்து இட்டுக்கினு வந்தோம். நேத்து பேசற ஜோர்ல அத்த மறந்துட்டேன். நட்சத்திரம் வாபஸ்."

கம்பெனி வாசலில் முகத்தைப் பார்த்து வருகை பதியும் மிஷின் வைத்தபோது பெரிய யுத்தமே நடந்தது. அது அவரை மட்டும் லேசில் ஒப்புக்கொள்ளாது. பொட்டை அழித்துவிட்டு நிற்பார், பூவை எடுத்துவிட்டு நிற்பார், சிரித்துப் பார்ப்பார், முறைத்துப் பார்ப்பார். "இது மூஞ்சி பாக்கற மிஷினா, மூஞ்சி காட்ற மிஷினா?" என்று செக்யூரிட்டியிடம் கத்துவார். பிறகு ஒரு மாதம், சூப்பர்வைசர் ஒருவர் தனக்குப் பிடிக்காத ரெண்டு பெண்களுக்கு லீவு போட்டுவிட, அந்த மிஷின்தான் அவர்கள் வந்திருந்ததைக் காட்டிக்கொடுத்தது. அன்று மாலை ரயிலில் அவர் வாபஸ் வாங்கியதில் ஒரு கம்பீரம் இருந்தது. "அதுக்கு நான் வேண்டியவளும் இல்ல, வேண்டாதவளும் இல்ல. பொட்டு வச்சா தெரியாது, அவ்ளோதான். மனுசனுக்கு மிஷினு எவ்ளவோ தேவல."

வாபஸுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. யார் யார் முன்னால் சொன்னாரோ அவர்கள் எல்லோர் முன்னாலும்தான் வாபஸ் வாங்க வேண்டும். அதே சத்தத்தில் வாங்க வேண்டும். "நாலு பேர் நடுவுல கத்திச் சொல்லிட்டு, அப்பாலிக்கா ஒருத்திய ஓரமா கூப்ட்டு, தப்பா சொல்ட்டேன்டின்னு காதுல ஓதறது களவாணித்தனம்" என்பார். அதனால் நேற்றுக் கேட்டவர்களில் யாராவது அன்றைக்கு வரவில்லை என்றால் வாபஸை ஒத்திப்போடுவார். "தோ, மூணாவது லைன் பொண்ணு லீவு. அவ வரட்டும்."

இதையெல்லாம் நான் இப்போது ரசித்து எழுதுகிறேன். அப்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். பதினெட்டு வயதில் கருத்து என்றால் சிமென்ட் மாதிரி இறுகியிருக்க வேண்டும் என்று நினைப்பு. இன்னொன்றும் உண்டு. வாபஸ் வரும்வரை அவர் சொன்னதுதான் அந்தப் பெட்டிக்குச் சட்டம். இங்கிலீஷ் மீடியத்தில் பிள்ளைகள் ரெண்டு மொழியும் கெட்டுப்போகிறார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு, கவரைப்பேட்டையில் ஏறும் ஒருத்தி மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து டி.சி. வாங்கிவிட்டாள். அதற்கப்புறம்தான் வாபஸ் வந்தது. அவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அவளோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், "நான் சொல்லித்தான் செஞ்சிட்டா, என்னத் திட்டுங்க, புள்ளயச் சேத்துக்கோங்க" என்று ஹெட்மாஸ்டர் முன்னால் நின்றார். சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அன்று முதல் எனக்கு ஒரு பயம் உண்டு. வாபஸ் சரியான நேரத்துக்கு வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

அந்தப் பயம் என் வீட்டுக்கே வந்தது.

பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேர எனக்கு இடம் கிடைத்திருந்தது. மெக்கட்ரானிக்ஸ். கம்பெனியில் மூடியைப் பொறுக்கி வைக்கும் அந்த மஞ்சள் ரோபோ கையைப் பார்த்துப் பார்த்து எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. அப்பாவும் சரி என்றிருந்தார். அப்போதுதான் ரயிலில் பெரியம்மா ஒரு கருத்து சொன்னார்.

"பொண்ணுக்குப் பன்னெண்டு போதும். மேல படிச்சா அதுக்கும் மேல படிச்ச மாப்ள தேடணும். பேஜாரு. கம்ப்யூட்டரே எல்லா வேலையும் செய்யப் போவுதாம், இதுங்க படிச்சி இன்னா செய்யப் போவுது?"

"சரிதான்க்கா" என்றாள் ஒருத்தி. "கரெக்ட்டு" என்றாள் இன்னொருத்தி. அம்மாகூடத் தலையாட்டினாள். நான் ஆட்டவில்லை. தைரியமெல்லாம் ஒன்றும் இல்லை, தலை ஆடவில்லை, அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பாவின் அக்காவும் அன்றைக்கு வந்திருந்தாள். எங்கள் வீட்டில் அத்தை சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு கிடையாது. பெரியம்மா ஹாலில் நின்றபடியே அதே கருத்தைச் சொல்லிவிட்டு, "எங்கக்கா மவன் கீறான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்றான். குடி கெடயாது. ஒங்க பொண்ணக் குடுங்க, கண்ணுல வச்சிப் பாத்துக்குவா எங்கக்கா" என்றார். அத்தைக்குக் கண் பளிச்சென்று ஆனது. அப்பா என்னைப் பார்க்காமல், "படிப்ப அப்பறம் பாத்துக்கலாம்மா" என்றார். பெண் பார்த்தார்கள். பூ வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். அதற்கு மறுநாள் திங்கட்கிழமைதான் பாலிடெக்னிக்கில் சேரக் கடைசி நாள். அதை ஒருத்தரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ரயிலில் மட்டும் தினமும் நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு வருவேன். ரீல்ஸை வாபஸ் வாங்கினார், போனில் காசு அனுப்புவதை வாபஸ் வாங்கினார். என் விஷயம் வரவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் மகன் அவருடைய போனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். நாம் கேள்வி கேட்டால் அது தமிழில் பதில் பேசும். பெண் குரல். பெரியம்மா அதோடு ஒட்டிக்கொண்டார். காரணம் அதன் அறிவு இல்லை. "தப்புன்னு சொன்னா ஒடனே மன்னிப்பு கேக்குதுடி! நான் பொறந்ததுல இருந்து எங்கிட்ட மன்னிப்பு கேட்ட மொத ஆளு இதான். என் வூட்டுக்காரர் கேட்டாரா? சூப்பர்வைசர் கேட்டானா? வாபஸ் வாங்கத் தெரிஞ்ச ஒரே மிஷினு." தனக்கு ஒரு வாரிசு கிடைத்துவிட்ட மாதிரி அதைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

பூ வைக்கும் ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. மீஞ்சூர் தாண்டியதும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை வைத்துக்கொண்டு, "பழவேற்காடு ஏரித் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?" என்று கேட்டார். ரெண்டும் கலந்தது என்று அது சரியாகச் சொன்னது. "பாத்தியா?" என்றார் எங்களிடம். பிறகு சும்மா விளையாட்டுக்கு, "தப்பு. அது சுத்தமான நல்ல தண்ணி" என்றார்.

"மன்னிக்கவும். நீங்கள் சொல்வது சரிதான். அது நல்ல தண்ணீர் ஏரி" என்றது போன்.

பெரியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "அடிப்பாவி. அந்தத் தண்ணியிலயே பொறந்து வளந்தவ நானு. நான் பொய் சொன்னா நீ ஒத்துக்குவியா?" என்றார். இன்னும் என்னென்னவோ கேட்டார். காலையில் மீன் குழம்பு உடம்புக்கு நல்லது என்றார், ஆமாம் என்றது. இல்லை கெட்டது என்றார், அதற்கும் ஆமாம் என்றது. கடைசியில், "பொண்ணுக்குப் பன்னெண்டு போதும்தான?" என்றார். உங்கள் கருத்தில் நியாயம் இருக்கிறது என்றது. "போதாது இல்ல?" என்றார். மிகச் சரியாகச் சொன்னீர்கள் என்றது.

பெட்டியில் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போனை அணைத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார். பொன்னேரி வந்தது, போனது. ஒரு கருத்தும் வரவில்லை. அவர் பேசாமல் வந்து நான் பார்த்தது அன்றுதான். கவரைப்பேட்டையில் எங்கள் எல்லோரையும் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்.

"நான் சொன்னா நீங்க எல்லாம் இன்னா சொல்றீங்க?"

"சரிதான்க்கான்னு சொல்றோம்" என்றாள் டி.சி. வாங்கினவள்.

"வாபஸ் வாங்கினா?"

"அதுக்கும் சரிதான்க்கா."

அவர் பார்வை என்னிடம் வந்து நின்றது. "இவ சொல்லல" என்றார். அவ்வளவுதான். ரயில் கும்மிடிப்பூண்டிக்குள் நுழைந்துவிட்டது.

வாபஸ் என்று அவர் சொல்லவில்லை. அன்று மாலையும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. நான் சனிக்கிழமை இரவு முழுக்க அழுதேன். அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு, என் தலையைத் தடவிக்கொண்டே, "நல்ல பையன்டி" என்றாள். அதுதான் கொடுமை. அவர் நல்ல பையன்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். பெரியம்மாவின் அக்கா, மகன், சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். தட்டுகளில் பூ, பழம், ஒரு மெரூன் புடவை. பெரியம்மா அவர் அக்கா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், மாப்பிள்ளை வீட்டுக்காரராக, உட்கார்ந்திருந்தார். என்னைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அவர் அக்கா என் தலையில் வைக்கப் பூவைக் கையில் எடுத்தார்.

பெரியம்மா எழுந்து நின்றார்.

அவர் நிற்கிறார் என்றால் என்ன என்று அந்த ஹாலில் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

"ஒரு வாபஸ் கீது" என்றார். ரயில் சத்தத்தை மீறிப் பேசிப் பழகின அதே குரல். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. "இந்த ஊட்ல, இதே எடத்துல நின்னுக்கினு, பொண்ணுக்குப் பன்னெண்டு போதும்னு சொன்னேன். தப்பு. அண்ணனோட அக்கா இருந்தாங்க, அண்ணன் இருந்தாரு, அதான் இன்னிக்கி எல்லாரும் இருக்கசொல்ல சொல்றேன். இந்தப் பொண்ணு நாளைக்கிக் காலேஜ்ல சேரணும். அத்த நான் கெடுத்துட்டேன்."

அத்தை முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பெரியம்மாவின் அக்கா கையில் பூவோடு அப்படியே நின்றார்.

"இன்னாடி பேசற நீ? என் புள்ளைக்கு இன்னா கொற?"

"ஒரு கொறயும் இல்லக்கா. அதான் எனக்குக் கஷ்டமா கீது. கொற சொல்லி நிறுத்தறது சுலுவு. அவன் தங்கம். தப்பு என்னோட வாயி."

"நீதான இஸ்த்துக்கினு வந்த? நீயே நிறுத்துவியா? சபையில வச்சி என் மானத்த வாங்கறியா?"

"சபையில சொன்னத சபையிலதான வாங்கணும்" என்றார் பெரியம்மா. என் பக்கம் திரும்பினார். "நாங்க எல்லாம் ஒன்னப் பத்திப் பேசினோம். ஒன்ன யாரும் கேக்கல. நீ சொல்லுடி. எனக்காகத் தலையாட்டாத. கட்டிக்கறேன்னு சொன்னா நானே பூ வைக்கறேன்."

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். "படிக்கணும் பெரீம்மா" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. "சத்தமா" என்றார். "படிக்கணும்" என்று கத்திவிட்டேன்.

அத்தை ஆடினாள். குடும்ப கௌரவம், ஊர் வாய், அது இது என்று ஏதேதோ. அப்பா தட்டில் இருந்த மெரூன் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து, பெரியம்மாவின் அக்காவைப் பார்த்துக் கைகூப்பி, "காப்பி சாப்ட்டுப் போங்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது. மாப்பிள்ளைப் பையன்தான் முதலில் எழுந்தார். தன் அம்மா கையிலிருந்த பூவை மெதுவாக வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, "வாம்மா" என்றார். நல்ல பையன் என்று சொன்னேன் அல்லவா.

மறுநாள் நான் பாலிடெக்னிக்கில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, ரயிலில் அவர் இன்னொரு முறை வாபஸ் வாங்கியிருக்கிறார். அம்மா சொன்னாள். "அதான் ஊட்லயே வாங்கிட்டியேக்கா, இங்க எதுக்கு?" என்று யாரோ கேட்டதற்கு, "இங்கயும்தான சொன்னேன்" என்றாராம். பெட்டியில் அன்றைக்கு ஒருத்தரும் சரிதான்க்கா என்று சொல்லவில்லையாம். அந்தப் போன் பெண்ணையும் அன்றே வாபஸ் வாங்கினார். "நான் நெனச்ச மாதிரி இல்ல அது. வாபஸ்னா வாங்கறவனுக்கு வலிக்கணும். அதுக்கு எங்க வலிக்குது? சும்மா மரியாதிக்கி சொல்லுது." கம்ப்யூட்டரே எல்லா வேலையும் செய்யும் என்றதை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. யோசிக்கிறேன் என்றாராம்.

அவருக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். அவர் அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பழவேற்காட்டுத் திருவிழாவுக்கு அழைப்பு நின்றது. அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் நடந்தது. சித்தியான இவருக்குப் பத்திரிகை வரவில்லை. இதைப் பற்றி ரயிலில் அவர் ஒரு கருத்தும் சொன்னதில்லை என்று அம்மா சொல்வாள்.

நான் படித்து முடித்து, இப்போது கும்மிடிப்பூண்டியிலேயே ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸில் இருக்கிறேன். அதே மாதிரி மஞ்சள் கை ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. மீட்டிங்கில் நான் பேசும்போது எல்லோரும் ஒரே மாதிரி தலையாட்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆட்டாத ஒருவரைத் தேடுவேன். அதே ரயிலில்தான் போகிறேன். பெரியம்மா இப்போது வருவதில்லை. மகனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை கிடைத்து அவனோடு போய்விட்டார். பெண்கள் பெட்டியில் இப்போது ஆளாளுக்கு ஒரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு என்னவோ நிற்கத்தான் தோன்றுகிறது.

வேலை கிடைத்ததும் ஸ்வீட் பாக்ஸோடு அவரைப் பார்க்கப் போனேன். நன்றி என்று சொல்ல வாயெடுத்ததற்கே, "ச்சீ, கெடுத்தவளே திருப்பிக் குடுத்தா அதுக்கு நன்றியாடி?" என்று அதட்டினார். ஆனாலும் சொன்னேன். என் வாழ்க்கையில் எனக்காக அவ்வளவு பேர் நடுவில் தன்னைத் தப்பு என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அதைச் சொல்லும்போது அழுதும் விட்டேன். அவர் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்டேன். "உங்க அக்கா பேசறாங்களா பெரீம்மா?"

"இல்ல."

"அந்த வாபஸ வாபஸ் வாங்கணும்னு எப்பனா தோணிச்சா?"

அவர் உடனே தலையாட்டவில்லை. ஸ்வீட் பாக்ஸை மூடினார், திறந்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தோணிச்சு. அவ புள்ள கல்யாணத்தன்னிக்கி ரொம்பத் தோணிச்சு. பொய் சொல்லக் கூடாதில்ல."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா? சட்டம் கீதே. யார் முன்னால சொன்னனோ அவங்க எல்லாம் இருக்கணும். ஒங்க ஊட்ல, அந்த நாக்காலியில, எங்கக்கா வந்து என் பக்கத்துல ஒக்காரணும்." ஒரு மைசூர்பாகை எடுத்து என் வாயில் திணித்தார். "அவதான் வந்து ஒக்காந்துட்டான்னா, அப்பறம் நான் எதுக்குடி வாபஸ் வாங்கப் போறேன்?"